எரியாத மோட்டாருக்கு மதிப்பெண் இல்லை

காசியின் தொழிலில் இருந்த ஒரே பெரிய குறை, அவர் சுற்றிக் கொடுத்த மோட்டார் எரியாது என்பதுதான். இந்தக் குறையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் முப்பது வருஷமாக அடி அண்ணாமலையில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஒருத்தராவது கண்டுபிடிக்க வேண்டுமே! விவரம் தெரியாத சனங்கள், மோட்டாரை வாங்கிக்கொண்டு போய் ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். குறையைக் கண்டுபிடிக்க வேங்கிக்காலில் ஓர் ஆபீஸ் வர வேண்டியிருந்தது.

ஆபீஸின் பெயர், தொழிலகங்களுக்குச் சேவை புரியும் குறுநிறுவனங்களின் செயல்திறன் மதிப்பீட்டு மையம். பலகையில் இடம் போதாமல் ‘மையம்’ மட்டும் அடுத்த சுவருக்குத் திரும்பியிருந்தது. அந்தச் சுவரை மட்டும் பார்த்தவர்கள் அங்கே குழந்தைகள் மையம் வந்திருக்கிறதென்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து திரும்பிப் போனார்கள்.

காசிக்கு இந்தச் சங்கதி கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில்தான் தெரிய வந்தது. ஆலை ஜோதியம்மாளுடையது. புருஷன் போன பிறகு பதினெட்டு வருஷமாக அந்த அம்மாளே நடத்துகிறார். நெல் ஊறவைக்க, அவிக்க, காயவைக்க, குத்த, தவிடு ஊத என்று சின்னதும் பெரியதுமாக அங்கே நாற்பது மோட்டார் ஓடுகிறது. நாற்பதும் காசி கை பட்டது. ஒவ்வொன்றின் மூடிக்கு உள்பக்கமும் வெள்ளை பெயின்டில் தேதி போட்டு ‘காசி’ என்று எழுதியிருக்கும். அந்த ஆலை இருப்பதால்தான் காசியின் கடை இருக்கிறது. அது போனால் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் விற்க வேண்டியதுதான்.

“காசி, உக்காருப்பா” என்றார் ஜோதியம்மாள். அந்த அம்மாள் உட்காரச் சொன்னால் ஏதோ கெட்ட சேதி. “அக்டோபர் ஒண்ணாந்தேதிலேருந்து கிரேடு சீட்டு இல்லாத ஆளை ஆலைக்குள்ள விடக்கூடாதாம். விட்டா என் லைசென்ஸை நிறுத்திடுவாங்களாம். ஏ இல்லனா பி வாங்கிட்டு வந்துடு. உனக்கென்னா, கண்ண மூடிக்கிட்டு ஏ குடுப்பாங்க.”

காசியும் அப்படித்தான் நினைத்தார். பாவம்.

*

மதிப்பீட்டு அலுவலர் சிவகணேஷ் நல்ல மனிதர். தன் அறைக்குள் யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். அவர் அறைக்குள் யாரையும் விடவே மாட்டார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அன்றைக்கு ஏசி வேலை செய்யாததால் கதவு திறந்திருந்தது. காசிக்கு நாற்காலி கிடைத்தது.

முப்பத்து நாலு பக்க விண்ணப்பத்தைக் காசியும் அவர் மனைவி வேதாவும் நாலு நாள் உட்கார்ந்து நிரப்பியிருந்தார்கள். சிவகணேஷ் நேராகப் பத்தொன்பதாம் பக்கத்துக்குப் போனார்.

“கடந்த ஓராண்டில் மறு அழைப்பின் பேரில் அளித்த சேவைகள். இதுல பூஜ்யம்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா சார்.” காசிக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒண்ணு கூட திரும்பி வர்ல.”

சிவகணேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத சொல்றதுக்கு உங்களுக்குச் சங்கடமா இல்லயா?”

“என்னா சார்?”

“சேவைன்னா என்னங்க? ஒருத்தர் கூப்பிடணும், நாம போகணும். உங்களை ஒரு வருஷமா ஒருத்தரும் கூப்பிடல. அப்ப நீங்க சேவையே செய்யல. வாடிக்கையாளர் உங்களை மறந்துட்டாங்க.”

“மோட்டார் எரியலயே சார். எரிஞ்சாதான கூப்பிடுவாங்க?”

“ஏன் எரியல?”

இந்தக் கேள்வியை முப்பது வருஷத்தில் காசியிடம் யாரும் கேட்டதில்லை. பழைய கம்பியைச் சுத்தமாக உருவி, பள்ளத்துக்குப் பள்ளம் நல்ல தாள் வைத்து, புதுச் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, வார்னிஷில் முக்கி, ஒரு முழுப் பகல் ஓவனில் வேகவிட்டு எடுத்தால் எரியாது சார் என்று விளக்கினார். வார்னிஷ் உள்ளே இறங்காவிட்டால் கம்பி நடுங்கி நடுங்கி உரசி, பத்து நாளில் கருகிவிடும் என்றும் சொன்னார். அலுவலர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

“இது உங்க வேலை. நான் கேக்கறது உங்க செயல்திறன்” என்றார். “இங்க பாருங்க. வேங்கிக்கால் கோபி. உங்க தொழில்தான். அறுபத்தி ரெண்டு அழைப்பு! ஒரே எண்ணெய் ஆலைக்கு ஒரே மோட்டாருக்காகப் பதினோரு தடவை போயிருக்காரு. என்னா ஈடுபாடு! அந்த ஆலைக்காரங்க அவர் போன் நம்பரை மனப்பாடமா சொல்றாங்க. உங்க நம்பர் உங்க ஆலைக்காரம்மாவுக்குத் தெரியுமா?”

ஜோதியம்மாளுக்குத் தெரியாதுதான். காசி தலையைக் குனிந்துகொண்டார்.

கோபிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. காசிக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றில் பத்து, விண்ணப்பத்தை நீல மையில் நிரப்பியதற்கு. ஒன்று எதற்கென்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

*

மேல்முறையீடு உண்டு. அதற்கான கடிதத்தில், ‘தாங்கள் அளித்த சேவையின் மாதிரி ஒன்றை நேரில் சமர்ப்பிக்கவும்’ என்று இருந்தது. தேதியைப் பார்த்ததும் வேதா, “ஐயோ, அன்னிக்கு வைகாசி பௌர்ணமிங்க” என்றாள்.

பௌர்ணமியென்றால் கிரிவலப் பாதையில் ஒரு சக்கரம் நகராது. ஆட்டோ கிடையாது, டூவீலர் கிடையாது. அடி அண்ணாமலையிலிருந்து கைவண்டியில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போகலாமென்று கிளம்பினால், முதல் தடுப்பிலேயே போலீஸ்காரர், “சக்கரம் வச்சது எதுவும் உள்ள போவக்கூடாது” என்றார். மோட்டாரில் சக்கரம் இல்லை. எனவே மோட்டார் போகலாம்.

மூன்று குதிரைச் சக்தி மோட்டார். துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார் காசி. ஐம்பத்திரண்டு வயதுக் கழுத்து. வைகாசி வெயில். முன்னும் பின்னும் சனவெள்ளம். நூறடி போவதற்குள் ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து பயபக்தியோடு கேட்டார்.

“என்னா வேண்டுதலுங்க?”

மூச்சு வாங்கிக்கொண்டு காசி, “கிரேடு வரணும்” என்றார்.

“பையனுக்கா?”

“எனக்கு.”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயசில் பரீட்சை எழுதுகிறாரே என்று மோட்டாருக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் பூ வைத்தார். குபேர லிங்கத்தருகே ஒரு கோஷ்டி மாலையே போட்டுவிட்டது. ஒரு இளைஞன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, “எத்தினி பௌர்ணமி சுமக்கணும் அண்ணா?” என்று கேட்டான். காசிக்குப் பதில் சொல்ல வாயில் ஈரமில்லை. இறக்கி வைக்கலாமென்றால், வேண்டுதலைப் பாதியில் இறக்கக்கூடாதென்று சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. நாலு பேர் ‘அரோகரா’ போட்டு நடக்க வைத்தார்கள். அந்த நிமிஷம் மோட்டாரோடு மலையடிவாரத்தில் விழுந்து செத்தாலும் பரவாயில்லை என்று காசிக்குத் தோன்றியது. வேதாவின் முகம் ஞாபகம் வந்து நடந்தார்.

மையத்தில் மூன்று பேர் கொண்ட குழு காத்திருந்தது. மோட்டாரை மேசைமேல் வைத்து, ப்ளக்கில் சொருகி, காசி சுவிட்சைப் போட்டார். அது உம்மென்று ஓடியது. குழு கொஞ்ச நேரம் பார்த்தது.

“போடுங்க” என்றார் சிவகணேஷ்.

“போட்டாச்சு சார்.”

“ஓடுதா? சத்தமே வர்ல?”

“நல்லா சுத்தின மோட்டாருல சத்தம் வராது சார். கைய வச்சுப் பாருங்க, சூடு கூட இருக்காது.”

குழுவில் மூத்தவர் கையை வைத்தார். கை முழுக்க விபூதி. “ஐயா, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்” என்று அவர் தொடங்கினார். “இங்க மேசைமேல இருக்கிறது மோட்டார். சேவை எங்க? சேவைன்னா கண்ணுக்குத் தெரியணும். இது ஓடிக்கிட்டே இருக்கு. ஓடிக்கிட்டே இருக்கிற ஒண்ணுல உங்க பங்களிப்பு எதுன்னு நாங்க எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? இதே மோட்டார் நின்னுபோய், நீங்க வந்து ஓடவச்சீங்கனா, அட, இது இவரோட சேவைன்னு நாங்களே எழுதிடுவோம். அளக்க முடியாத நல்லதை அரசாங்கப் பணத்துல மதிப்பிட எங்களுக்கு அதிகாரம் இல்ல.”

தீர்ப்பு: பதினொன்றிலிருந்து பதினான்கு. கூடின மூன்றும் மாலைக்காக, ‘ஆன்மிகச் சுற்றுலாவுக்கு ஆற்றிய பங்கு’ என்ற தலைப்பில். மிச்சத்துக்கு நூறு நாள் மறுவாய்ப்பு. அதற்குள் பதிவு பெற்ற ஆலையிலிருந்து, ஆலைக்காரரின் கையெழுத்தோடு நாற்பது மறு அழைப்புச் சீட்டு கொண்டுவர வேண்டும்.

வெளியே வந்து முகம் கழுவலாமென்று குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தது கீர்த்தனா, அங்கே கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுகிற பெண்.

“ஆபீஸ் போர்வெல் மோட்டார் எரிஞ்சுபோச்சு அண்ணா” என்றாள்.

“எப்ப?”

“எப்ப எரியல? நாலு மாசமா வாராவாரம் எரியுது. கோபி அண்ணன் வாராவாரம் வர்றாரு. அதுக்குத்தான் அவருக்கு அவ்ளோ மார்க்கு.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவரு வார்னிஷ்ல முக்கறதோட சரி, வேகவைக்கறதே இல்லயாம் அண்ணா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க அட்ரஸைப் பாத்தேன், எங்க அப்பாவோட கெணத்து மோட்டாரு நீங்க சுத்தினதுதான். நான் அஞ்சாவது படிக்கறப்ப போட்டது. இன்னும் ஓடுது.”

காசிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

*

ஆனி மாசம் முடிய நாலு நாள் இருக்கையில் ஜோதியம்மாள் ஆலையிலிருந்து தவிடு ஊதுகிற ப்ளோயர் மோட்டார் ஒன்று வந்தது. பன்னிரண்டு வருஷம் ஓடின மோட்டார். காசி கம்பி சுற்றினார். வேதா காயில்களுக்கு நூல் கட்டினாள். வார்னிஷில் முக்கி எடுத்து ஓவன் கதவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

“இன்னாங்க?”

“வைக்கல.”

வேதாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “ஜோதியம்மா நம்மள நம்பி...”

“தெரியும்டி! எனக்குத் தெரியாதா?” காசி கத்தினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் வேதாவிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. “எரியலனா அந்தம்மா என்னை உள்ள விட முடியாது. உள்ள விடணும்னா எரியணும். நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு!”

வேதா எழுந்து போய் ஓவன் கதவைச் சாத்தினாள்.

பச்சை வார்னிஷோடு மோட்டாரை மாட்டி மூடும்போது காசியின் கை பெயின்ட் டப்பாவுக்குப் போனது. பிரஷை எடுத்து, பழைய பெயரைத் தேய்த்துச் சுத்தமாக்கி வைத்திருந்த உள்மூடியைப் பார்த்து, பிரஷை அப்படியே திரும்ப வைத்துவிட்டார். தேதி போடவில்லை. பெயரும் போடவில்லை.

எட்டாம் நாள் போன் வந்தது. “காசி, ப்ளோயர் எரிஞ்சுபோச்சுப்பா. இன்னாச்சு உனக்கு, உடம்பு கிடம்பு சரியில்லயா?” ஜோதியம்மாளின் குரலில் கோபமே இல்லை, கவலைதான். கோபப்பட்டிருந்தால் காசி தாங்கியிருப்பார். போனார், கழற்றினார், திரும்பவும் பச்சையாகவே சுற்றினார், சீட்டில் கையெழுத்து வாங்கினார். ஒன்று.

ஒரே மோட்டாரை வைத்து நூறு நாளில் நாற்பது சீட்டு வாங்க முடியாதென்று கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். எலிவேட்டர் மோட்டார், சல்லடை மோட்டார், பம்பு மோட்டார் என்று ஒவ்வொன்றாக ‘சும்மா சர்வீஸ்’ என்று காசி கழற்றிப் போனார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை போய், எரியக் கற்றுக்கொண்டு திரும்பின. ஆவணி முடிவதற்குள் ஜோதியம்மாளுக்குக் காசியின் நம்பர் மனப்பாடமாகிவிட்டது.

*

புரட்டாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சான்றிதழ் விழா. காசிக்கு ஏ ப்ளஸ். ‘விரைந்த முன்னேற்றம் கண்ட நிறுவனம்’ என்று சால்வை வேறு. கோபிக்குப் பக்கத்து நாற்காலி. கோபி காசியின் காதருகே குனிந்து, “வாண்ணா, வந்துட்டியா நீயும்” என்றான். அதில் கேலி இல்லை. துக்க வீட்டில் ஒருத்தர் கையை இன்னொருத்தர் பிடித்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னான்.

சிவகணேஷ் பேசினார்.

“பெரியோர்களே! இந்த மையம் வருவதற்கு முன்னால் நமது ஆலைகளில் மோட்டார் பழுது என்பதே அபூர்வம். சேவைத் துறை எவ்வளவு பின்தங்கிக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இன்று? ஒரே காலாண்டில் பழுதுகள் மூன்று மடங்கு! இது நமது சேவையாளர்களின் உழைப்பு. இத்தோடு நிற்கப்போகிறோமா? இல்லை. இனி ஒவ்வொரு காலாண்டும் அழைப்புகள் பத்து சதவீதம் கூட வேண்டும். கூடாவிட்டால் கிரேடு தானாக ரத்தாகிவிடும். யாரும் பழைய நிலைக்குத் திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில்தான் இந்த ஏற்பாடு.”

கைதட்டல் அடங்குவதற்குள் மேடையில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய காற்றாடி கருகின வாடையோடு நின்றது. அலுவலர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பாருங்கள், சேவைக்கான வாய்ப்பு எங்கும் நிறைந்திருக்கிறது!” இன்னும் பலமான கைதட்டல்.

காசி கைதட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது. சீட்டு வந்தாச்சு, இனி எல்லா மோட்டாரையும் ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்துவிடலாம் என்று நேற்றுவரை வேதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து சதவீதம் என்றதும் அது போயிற்று.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாகச் சூரியன் முகம் காட்டவில்லை. களத்தில் நெல்லை உலர்த்த வழியில்லை. டிரையரை நம்பித்தான் ஆலை ஓட வேண்டும். அந்த நேரத்தில் டிரையருக்குக் காற்று ஊதுகிற பெரிய மோட்டார் எரிந்தது. அது நின்றால் நெல்லெல்லாம் போய்விடுமென்று பயந்து, சீட்டுக்காகக் காசி அதைத் தொட்டதில்லை; பத்து சதவீதத்துக்காகப் போன வாரம்தான் தொட்டார்.

காசி போய்ச் சேர்ந்தபோது ஆலையில் சத்தமே இல்லை. முப்பது ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார்கள். நடுவில் அவித்த நெல் மலையாகக் கிடந்தது. வாசலிலேயே புளித்த வாடை முகத்தில் அடித்தது. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு வெள்ளாமை அது. ஜோதியம்மாள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பிடி நெல்லை எடுத்து மோந்து பார்த்து, திரும்பப் போட்டார்.

“எல்லாம் போச்சுப்பா” என்றார். “மாட்டுக்குக் கூட ஆவாது.”

“மா, நான் உடனே கழட்டி...”

“வேணாம்.” அந்த அம்மாள் கையைக் காட்டினார். “கோபியைக் கூப்பிட்டுப் பாத்தேன். ஏ கிரேடு. அவன் சுத்தினதும் எரியுது. செஞ்சியிலேருந்து ஒருத்தன், அவனும் ஏ. அதுவும் எரியுது. நீ ஏ ப்ளஸ்.” மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. “இன்னிக்கு நானே எரிஞ்ச மோட்டாரையெல்லாம் தொறந்து பாத்தேன். மூடிக்குள்ள ஒண்ணுலயும் பேரு இல்ல. அதோ, அந்த மூலையில சல்லடைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு பாரு, அதை நீ கழட்ட மறந்துட்ட. அது மட்டும் ஓடுது. அதுல பேரு இருக்கு.”

காசியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சால்வை போர்த்தின அன்றைக்குப் பிறகு அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படியே அந்த நெல்லுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“சீட்டு ஆபீஸ்காரன் வந்து ஆலையை மூடினா மூடட்டும். இப்ப மட்டும் தொறந்தா இருக்குது?” என்றார் ஜோதியம்மாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “உனக்குத் தொழில்ல எல்லாரையும் தெரியும் காசி. கிரேடே வாங்காத ஆளு, சுத்தினா எரியாத ஆளு, எங்கனா ஒருத்தன் இருந்தா சொல்லுப்பா. நான் போய் கால்ல விழுந்து கூட்டிட்டு வரேன்.”

சல்லடைக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றை மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒருத்தன் இருந்தாம்மா” என்றார் காசி. “ஆனி மாசம் வரைக்கும் இருந்தான்.”